மரங்களிடம் நீ சொன்ன பொய்

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம், அதற்குள் யாருக்கு என்ன ஆகியிருக்கப் போகிறது? அப்பா காலை ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். அடுப்பில் உலை கொதிக்கிறது. உன் அலமாரியைத் துடைக்கப் போனவள் துடைக்க மனசு வராமல் திரும்பி வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் முறத்தைத் திட்டு. என்னைத் திட்டுவதற்கு வேறு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எட்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். தப்பு என்று அன்றைக்கே உள்ளுக்குள் தெரியும். எவ்வளவு பெரிய தப்பு என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. குள்ளஞ்சாவடியில் என் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையை நீ பார்த்ததில்லை. பொட்டலம் கட்டப் பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி மூலையில் அடுக்கியிருப்பார். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்தபோது, நான் பருப்புக் கட்டிய நேரத்தைவிடப் படித்த நேரம்தான் அதிகம். தொடர்கதைகளில் எனக்குக் கிடைப்பது எப்போதும் நடுப்பக்கம்தான். முதல் பக்கம் யாருக்கோ மல்லிப் பொட்டலமாகப் போயிருக்கும், கடைசிப் பக்கம் மிளகாயோடு போயிருக்கும். பூமிக்கு அடியில் ஓடுகிற ஆற்றில் ஒருத்தி தனியாக ஓடம் தள்ளிக்கொண்டு போவாள், தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும், அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கும். அது என்ன வெளிச்சம் என்று தெரியாமல் ஒரு மனுஷி எப்படித் தூங்குவது? அதனால் முடிவை நானே போட்டுக்கொள்வேன். சில நாள் கனவிலேயே மீதிக் கதை நடந்து முடிந்துவிடும். காலையில் எழுந்தால் எது பத்திரிகையில் வந்தது, எது என் கனவில் வந்தது என்று எனக்கே குழம்பும். கல்யாணமாகி வந்தபோது ஐம்பது அறுபது கதைகள் என் தலைக்குள் இருந்தன, எல்லாவற்றின் முடிவும் என்னுடையது. அடுத்தவர் கதைக்கு முடிவு போடுகிற அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவே இல்லை.

உன் அப்பாவின் வீட்டாருக்கு முத்தாண்டிக்குப்பத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு மண் எடுக்க ஆள் வேண்டும் என்றபோது முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். கான்ட்ராக்டில் இரண்டு வருஷம் மண் சுமந்து, பிறகு பெர்மனன்ட் ஆகி, நமக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது உனக்கு ஏழு வயது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிற வீடு. நீ முழுசாக ஒரு மணி நேரம் அந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாய், நான் உன்னை அதட்டிவிட்டு நீ நகர்ந்ததும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அந்த மாதமே சுரங்கத்தைப் பார்க்கக் கம்பெனி பஸ்ஸில் போனோம். விளிம்பில் நின்று கீழே பார்த்தோம். எங்கள் ஊர் ஏரியை ஒத்த பள்ளம். அதன் நடுவில், விளிம்பு முழுக்க வாளி கட்டிய ஒரு சக்கரம், கோயில் தேரைவிட உயரம், நிதானமாகச் சுற்றிக்கொண்டு மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. கீழே சின்னச் சின்னதாக ஆட்கள் நடமாடினார்கள். "அதுல எதும்மா அப்பா?" என்று நீ கேட்டாய். நானும் கண்ணைச் சுருக்கித் தேடினேன், அடையாளம் தெரியவில்லை. நீ என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாய். இந்தப் பயம்தான் பின்னால் கனவில் வரப்போகிறது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

கரி கண்ட பிறகு, அப்பாவுக்குப் பெல்ட்டில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் கரியில் பெரிய கட்டைகள் சிக்கினால் எடுத்துப் போட வேண்டும். அதில் ஒரு துண்டை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கரி என்றால் கறுப்பு என்று நினைத்திருந்தோம், அது காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. விரலால் தடவினால் மரத்தின் வரி வரியாகத் தெரிந்தது. "மரந்தான் பாப்பா. ஒரு காலத்துல பெருங்காடா இருந்துச்சாம். மழையில தண்ணி நின்னு, சாஞ்சி, அப்பிடியே மண்ணுக்குள்ள பொதஞ்சி பூட்டுச்சாம்" என்றார். கரிக்கு அடியில் இன்னும் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, இராப்பகலாகப் பம்பு ஓடாவிட்டால் அது தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும் என்றும் சொன்னார். நீ அந்தத் துண்டை மூக்கில் வைத்து முகர்ந்தாய். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன் என்று அடம் பிடித்தாய். படுக்கை கறையாகும் என்று கத்தினேன், கடைசியில் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

நம் வீட்டுக் கனவுக் கணக்கு உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் நான் கதை சொல்வேன், நல்ல இடம் பார்த்து "தொடரும்" என்று நிறுத்துவேன். நீ கனவில் மீதியைப் பார்த்துவிட்டு வந்து காலையில் எனக்குச் சொல்ல வேண்டும். பல் தேய்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், வாய் கொப்பளித்தால் கனவும் தண்ணீரோடு போய்விடும் என்பது நாம் போட்ட சட்டம். உன் கனவுகளைப் போல நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. நான் ஓடக்காரியைப் பாதாள ஆற்றில் விட்டால், நீ அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வருவாய். நான் ஏழு தலை அரக்கனைக் குகையில் விட்டால், அவன் மறுநாள் உன் கனவில் எஸ்டேட் ஆபீஸுக்கு வந்து, தலைக்கு ஒரு ஆள் என்று கணக்குச் சொல்லிப் பெரிய குவார்ட்டர்ஸ் கேட்பான். குழாயடியில் அதை நான் சொன்னால் அத்தனை ஊர்ப் பெண்களும் குடத்தை மறந்துவிட்டுச் சிரிப்பார்கள். "உங்களுக்கு மட்டும் எப்பிடிக்கா இதெல்லாம் தோணுது?" என்பார்கள். என் மகள் கண்ட கனவு என்று நான் சொன்னதில்லை. சிரித்துவிட்டு வந்துவிடுவேன். சின்னத் திருட்டுத்தானே என்று இருந்தது.

அப்புறம் அந்தக் கனவு வந்தது. உனக்கு ஒன்பது வயது. கொலுசு விழுந்த கிணற்றுக்குள் ஒரு ராஜகுமாரி படி இறங்கிப் போகிறாள் என்று முதல் நாள் நிறுத்தியிருந்தேன். காலையில் நீ கலைந்த தலையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாய். நான் அப்பாவின் தூக்கில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "கெணத்துல நாந்தாம்மா எறங்கினு போனேன். படி முடியவே இல்ல. கீழ காடு. எல்லா மரமும் படுத்துகினு இருந்துச்சி, திருழாவுக்கு வந்த ஜனங்க வரிசையா படுத்திருப்பாங்களே அப்பிடி. காத்தே இல்ல, எல மட்டும் ஆடுது. நான் சத்தம் போடாம நடக்கறேன். ஒரு மரம் கண்ணத் தொறக்காமலே கேட்டுச்சி, யாரு பாப்பா அது, மேல இன்னும் மழ பெய்யுதான்னு."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எத்தனையோ காலத்துக்கு முன்னால் ஒரு மழையில் விழுந்த மரங்கள், அந்த மழை விட்டதா என்று தெரியாமல் இன்னும் படுத்திருக்கின்றன என்பதை ஒன்பது வயதுக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அந்த நேரம் பால் பொங்கியது, தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது, அப்பா செருப்பைத் தேடினார். "இன்னும் முடியலம்மா" என்றாய் நீ. "மிச்சத்த அப்பறம் சொல்லு, போய் பல்ல தேய்" என்றேன். நம் சட்டத்தை நானே மறந்தேன் பார். நீ போய்ப் பல் தேய்த்தாய், பள்ளிக்கூடம் போனாய். நான் மீதியைக் கேட்கவில்லை. எனக்குத்தான் மீதி தேவைப்படாதே.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். மரம் கேட்ட கேள்விக்கு என் ராஜகுமாரி, "மழை விட்டுவிட்டது, எழுந்திருங்கள்" என்று பதில் சொன்னாள். மரங்களெல்லாம் சோம்பல் முறித்து எழுந்து மேலே வந்து வீட்டுக்கு வீடு விளக்காக எரிந்தன. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன், மூன்று மாதம் கழித்து என் பெயரோடு அச்சில் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் பிளாக்கே நம் வீட்டு வாசலில் நின்றது. நீ எழுத்துக்கூட்டி அதை முழுக்கப் படித்தாய். படித்துவிட்டு என் புடவையை இழுத்து, "அம்மா, நான் அப்பிடி சொல்லலம்மா" என்றாய். "கதைன்னா அப்பிடித்தான் இருக்கும், போய் வெளையாடு" என்று தள்ளிவிட்டேன்.

சுரங்கத்தில் அது எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி மாமா சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். அதற்குப் பிறகு பெல்ட்டில் பெரிய கட்டை வந்தால், அதை எடுத்து ஓரமாகப் போடும் ஆள் ஒரு தட்டுத் தட்டி, மழை விட்டாச்சு என்று சொல்லிவிட்டுத்தான் போடுவாராம். முதலில் வேடிக்கைக்குச் சொன்னார்கள், பிறகு யாரும் சிரிக்காமலே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் சொல்ல மறந்தால் கை ஓடவில்லை என்றார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை உள்ளே விட்டபோது நானே கண்ணால் பார்த்தேன். இயந்திரத்துக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, அதன் முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கட்டையைப் படுக்க வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பத்து மாவட்டத்துக்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். திருநெல்வேலி மாமா என்னைப் பார்த்து, "எழுதுன கையி நீங்கதானம்மா, நீங்களே மொதல்ல சொல்லுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்து, கட்டையைத் தொட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மழை விட்டாச்சு, எழுந்திருங்க" என்றேன். "மழ வெறிச்சாச்சு, எந்திரிங்கவே!" என்று மாமா குரல் கொடுக்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்து சொன்னது. அந்தப் பள்ளமே திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்போதுதான் நீ கத்தினாய். "இல்ல! விடல! இன்னும் பெய்யுது! சொல்லாதீங்க!" கட்டையின் மேலே விழுந்து அதைக் கையால் பொத்தினாய், காதைப் பொத்துகிற மாதிரி. சந்தனமெல்லாம் உன் பாவாடையில் ஒட்டியது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைத் தூக்கி நிறுத்திக் கன்னத்தில் அறைந்தேன். அதோடு விட்டேனா? "என் பேரு வந்திருக்குன்னு பொறாமையாடி உனக்கு? பெத்தவ மேலயே பொறாமையா?" என்று கேட்டேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவர் காதில் நெடுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாய். என்ன என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சமையலறை வாசலுக்கு வந்தாய். "இன்னிக்கு என்னா வந்துச்சி?" என்றேன், ஒன்றும் நடக்காத மாதிரி. "ஒண்ணும் வரல" என்றாய். அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதியது ஒன்றுகூட அச்சில் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்களுக்கு ரசனை போய்விட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கதைகளில் உயிர் உன்னுடையது, நீ கொடுப்பதை நிறுத்திவிட்டாய், அவ்வளவுதான் விஷயம். உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அன்றைக்கு மரத்துக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எட்டு வருஷத்தில் எத்தனை நாள் வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். தாய் என்றால் தப்பே செய்ய மாட்டாள் என்று நீ நம்பிக்கொண்டிருக்கட்டும் என்கிற வீம்பு. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இந்த வீம்பு மட்டும் உனக்கு வேண்டாம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பஸ் கிளம்பப் போகிறது. நீ ஜன்னல் வழியாக என்னிடம் ஊறுகாய் ஜாடியைப் பற்றிப் பேசிவிட்டு, அப்பா பக்கம் திரும்பி, "இன்னும் சொல்றியாப்பா?" என்று கேட்டாய். "ஒரு நாளும் வுட்டதில்ல பாப்பா" என்றார் அவர். நீ தலையை ஆட்டினாய், கண்ணைத் துடைத்துக்கொண்டாய், பஸ் போய்விட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து காப்பியை வைத்துவிட்டு, "என்னாத்த சொல்றீங்க? யாருகிட்ட சொல்றீங்க?" என்று கேட்டேன். மூன்று முறை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு பஸ்ல கொழந்த எங்கிட்ட முழுக் கனவையும் சொல்லிச்சி. மழ வுட்டுச்சான்னு மரம் கேட்டுதாம். வுட்டுச்சின்னு சொன்னா அவ்ளோ மரமும் எழுந்திரிச்சிக்கும், மேல எங்கப்பா வேல செஞ்சிகினு இருக்காருன்னு நெனச்சி, 'இல்ல, இன்னும் பெய்யுது, சத்தம் கேக்கலியா, தூங்குங்க'ன்னு சொல்லிச்சாம். பம்புத் தண்ணி ஊத்தற சத்தம் மழை மாதிரி கேட்டுதாம், மரமும் நம்பி திரும்பிப் படுத்துகிச்சாம். நீ கதையில அத மாத்திட்ட. நாங்க தெனமும் போய் எழுந்திரி எழுந்திரின்னு சொல்லிகினு இருந்தோம். கொழந்த நடுங்கிப் போயிருந்துச்சி. அதான் அடுத்த நாள்லேருந்து நான் உள்ள போனதும் மொதக் கட்டையத் தொட்டு, இன்னும் பெய்யுது, படுத்துக்கோங்கன்னு சொல்லிடறது. நான் பத்திரமா வூட்டுக்கு வரணும்னு அது அம்மாம் பெரிய காட்டுகிட்ட பொய் சொல்லிகீது. அத நான் எப்பிடி வுடறது?"

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கினாயாம். "அதுவுமில்லாம, அச்சுல வந்தத பாத்து நீ சந்தோசமா இருந்த" என்றார். எட்டு வருஷம், ஷிஃப்ட் தவறாமல், இந்த மனிதர் தனியாக ஒரு காட்டைத் தூங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. கிணற்றுப் படியில் தனியாக இறங்கிப்போய், அத்தனை மரங்களுக்கு நடுவில் நின்று, பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், அப்பாவுக்காகப் பொய் சொன்ன ஒரு சின்னப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் படித்த எந்தக் கதையிலும் அப்படி ஒரு ராஜகுமாரி இல்லை. என் முடிவு அழகாக இருந்தது, உன் முடிவில் அன்பு இருந்தது. நான் உன்னை அறைந்தது அதற்காக.

நீ நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போயிருக்கிறாய். ஜுரத்தில் கிடக்கிறவர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒன்று பார்த்தேன் என்று ஆரம்பிப்பார்கள். மணி அடித்தாலும் டாக்டர் கூப்பிட்டாலும், போய்விட்டுத் திரும்பி வந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேள். நடுவில் நீயாக முடித்து வைக்காதே. மருந்து எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், இதை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்யாமல் கெட்டவள் நான்.

அந்தக் கதை யாருடையது என்று, அன்றைக்கு அதைப் படித்த அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதை அதே பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று உறை வாங்கி விலாசமும் எழுதிவிட்டேன். தபால்காரரிடம் கொடுக்கப் போய் வாசலிலேயே நின்றேன். உன்னைக் கேட்காமல் இதையும் அச்சுக்குக் கொடுத்தால் நான் எதைக் கற்றுக்கொண்டேன்? ஆகவே கடிதத்தை உனக்கு அனுப்புகிறேன், அந்த உறையையும் ஒட்டாமல் உள்ளே வைத்திருக்கிறேன். நான் தப்பாக எழுதிய இடங்களை அடித்துத் திருத்து. உன் பெயரை எங்கேயும் போடவில்லை, போட வேண்டுமென்றால் நீயே போடு. பிடிக்கவில்லை என்றால் ஹாஸ்டல் அடுப்பில் போட்டுவிடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். இது எப்போதாவது அச்சில் வந்தால் நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன் பாப்பா. கடைசி வரைக்கும் படித்தாய் என்று எடுத்துக்கொள்வேன். நான் உனக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

உன் அம்மா